கப்பல் சளி

எங்கள் தீவில் சளிக்குத் தனியாகக் காலம் கிடையாது. கப்பல்தான் அதன் காலம். மழை மாதங்களில் மெட்ராஸிலிருந்து வரும் கப்பல் சாத்தம் ஜெட்டியில் கட்டிய சில நாட்களுக்குள் எங்கள் வரிசை வீடுகளில் மூக்குச் சிந்தும் சத்தம் தொடங்கிவிடும். முதலில் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், பிறகு ஆபீஸ்காரர்கள், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைசியில் அவர்களுக்கெல்லாம் கஷாயம் போட்டுக் கொடுத்த பெண்கள். அது ஒரு சுற்று சுற்றி ஓய்வதற்குள் அடுத்த கப்பல் வந்து நிற்கும். கப்பல் சளி என்றே அதற்குப் பெயர். "என்ன, குரல் கம்மியிருக்கு?" என்று யாராவது கேட்டால் "கப்பல் வந்துச்சுல்ல" என்று பதில் சொல்வோம். மழை வந்தது, வெயில் அடித்தது என்பது போல. அதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் அப்போது சாத்தம் மரமில்லில் குமாஸ்தா. வீடு மின்னி பே பக்கம், சரிவில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த வரிசையில். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து போன நாங்கள், ராமநாதபுரத்துக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள் என்று எல்லோரும் கலந்திருந்தோம். ரத்த சொந்தம் என்று யாருக்கும் அங்கே ஒருவரும் இல்லை. அதனால் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டிருந்தோம். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வரிசை முழுவதும் போய்ப் பார்த்துவிட்டு வரும். பார்க்கப் போகாத வீட்டோடு குழாயடியில் பேச்சு நின்றுபோகும்.

இதில் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருந்தது. ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் நம் ஆள் யாராவது கிடந்தால், நேரே அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். ஊர் மண்ணை மிதித்த கால் ஈரம் காயாமல் வந்து நின்றால் நோயாளிக்குப் பாதி நோய் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் போகவும் செய்தது. மாதக்கணக்கில் ஊர் முகம் பார்க்காத ஒருவர், கட்டில் ஓரத்தில் தன் தம்பி வந்து உட்கார்ந்ததும் எழுந்து கஞ்சி குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த வழக்கம் அன்பிலிருந்து வந்தது. அதனால்தான் அதில் என்ன தப்பு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய எங்களுக்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் என் மகளுக்குத் தட்டம்மை போட்டது. ஏழு வயது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அம்மை இறங்கிவிட்டது என்று மூச்சு விட்டோம். அதற்குள் காய்ச்சல் திரும்ப ஏறி, மூச்சு இரைக்கத் தொடங்கியது. மார்பில் கையை வைத்தால் உள்ளே காகிதத்தைக் கசக்குவது போல இருந்தது. மேட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிமோனியா என்றார்கள். ஊசி போட்டார்கள். என் மனைவி அவளோடு குழந்தைகள் வார்டிலேயே தங்கிவிட்டாள். நான் காலையும் மாலையும் போய் வந்தேன். மில்லில் மரம் அறுக்கும் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாலும் என் காதில் அந்த இரைப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊசி வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் டாக்டர், அவர் ஒரு பெங்காலிக்காரர், என் தோளில் கை வைத்து "அபி கத்ரா கயா நஹீ" என்றார். ஆபத்து இன்னும் போகவில்லையாம். நுரையீரல் இப்போது புதுத் தோல் வந்த புண் மாதிரி, இதன் மேல் இன்னொரு சளி பிடித்தால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்று அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் என் மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் கண்முன்னால் ஒன்று நடந்திருந்தது.

பாராடாங் தீவில் காட்டு வேலையில் இருந்த மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தங்கள் சின்னப் பையனைப் படகில் கொண்டுவந்து அதே வார்டில் சேர்த்திருந்தது. அவனுக்கும் நிமோனியாதான். என் மகளுக்கு முன்பே தேறி, கட்டிலில் நின்று குதிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்த வாரத்தில் கப்பல் வந்தது. அவனுடைய தாய்மாமன் ஊரிலிருந்து இறங்கி, கழுத்தில் சுற்றிய துண்டோடு, நேரே வார்டுக்கு வந்தார். மருமகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் காட்டினார். பையன் மாமன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமன் இருமிக்கொண்டே அவனுக்கு முத்தம் கொடுத்தார். நானும் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான். சில நாட்களில் பையனுக்கு மூக்கு ஒழுகியது. பிறகு காய்ச்சல். பிறகு ஒரு காலையில் நான் போனபோது அந்தக் கட்டிலில் படுக்கை விரிப்பு இல்லை. அவன் அம்மா ஒரு சின்னக் கம்பளிச் சட்டையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாமனை யாரும் குறை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன். என் மகள் இன்று வளர்ந்து கல்லூரிக்குப் போகிறாள். ஆனாலும் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் அவளுக்கு இருமல் இருக்கிறதா என்று இன்றைக்கும் கேட்டுவிடுகிறேன்.

வார்டு சிஸ்டர் ஒரு மலையாளி. உயரமானவர், அதிகம் பேச மாட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அடுத்த கப்பல் வருகிற நாளில் வார்டு வாசலின் குறுக்கே, இடுப்பு உயரத்தில், புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணிப்பட்டையை இழுத்துக் கட்டினார். குழந்தை கையால் இழுத்தாலே அவிழ்ந்துவிடும் கட்டு. ஆனால் அதைத் தாண்ட யாருக்கும் கால் வரவில்லை.

அந்தக் கப்பலில்தான் என் அக்கா வந்தாள்.

அவள் வருவது மாதங்களுக்கு முன்பே முடிவானது. அந்த வருஷம் என் மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, கொடுப்பதாக இருந்தது. அக்காதான் அவளுக்கு ஞானஸ்நானத் தாய். எங்கள் கடற்கரையில் தலைதொட்டம்மா என்போம். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையின் தலையைத் தொட்டு நிற்கிறவள். பெற்றவளுக்கு அடுத்த உரிமை அவளுக்கு. பிள்ளைக்கு நோய் என்றால் தலைதொட்டவள் வந்து, மாதா கோயில் எண்ணெயைக் கட்டைவிரலில் தொட்டு, நெற்றியில் சிலுவை போட வேண்டும். அதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள். ஊரைப் பயமுறுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டு, டாக்டர் அப்படிச் சொன்ன பிறகுதான் நான் தந்தி அடித்தேன். அது போய்ச் சேர்ந்தபோது அக்கா மெட்ராஸுக்கு ரயிலேறியிருந்தாள். ஆகவே அவள் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுனும் பூமுடியும் எடுத்துக்கொண்டு, எதுவும் தெரியாமல், சந்தோஷமாகக் கப்பலில் வந்துகொண்டிருந்தாள்.

ஜெட்டியில் அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அதற்கு அவசியம் இல்லாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரர் பம்பூஃபிளாட்டுக்குப் போகும் படகில் மெக்கானிக், ஜெட்டியிலேயே கிடப்பவர். கப்பல் ஏணிப்படியில் ஏறி அக்காவின் தகரப்பெட்டியை வாங்கும்போதே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏல தம்பி, பிள்ளைக்கு என்னல?"

"இப்பப் பரவால்லக்கா. காய்ச்சல் விட்டுட்டு."

"விட்டுட்டுன்னா பின்ன ஏன் ஆஸ்பத்திரியில கெடக்கா? எதுல போவணும்? நட."

சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். மார்புக்குள்ளிருந்து வந்த ஈர இருமல்.

"இருமுதியேக்கா."

"கப்பலு அடியில பங்க் கிளாஸ்ல அத்தன சனத்தோட நாலு நாளு அடஞ்சு கெடந்தா இருமாம என்ன செய்யும்? பூராப் பேரும்தான் இருமுனான். உப்புக் காத்துல. பெட்டியத் தூக்கு."

சாத்தம் பாலத்து முனையில் ஒரு டீக்கடை. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். குடித்தாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, துணி மாற்றிக்கொண்டு, கொஞ்சம் படுத்து எழுந்து என்று இழுத்தேன்.

"தலைதொட்டவ நான். பிள்ள அங்கன கெடக்கயில எனக்குக் குளியலாம், படுக்கையாம்." டம்ளரை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "நீ எதையோ மறைக்க. பிள்ள உசுரோடதான இருக்கா?"

"ஐயோ அக்கா, இருக்கா."

"பின்ன?"

பின்ன என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் கடலைத் தாண்டி வந்து, இறங்கிய காலோடு நிற்கிற அக்காவிடம், நீ என் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள் அவள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் போகும்போது அவள் மறுபடி மறுபடி இருமினாள். ஒவ்வொன்றும் எனக்கு அந்தத் தாய்மாமனின் இருமலாகக் கேட்டது.

நாங்கள் போனபோது வார்டு வராண்டாவில் ஏற்கெனவே கூட்டம். பக்கத்து வீட்டம்மா, மெக்கானிக்கின் மனைவி, ரொட்டியும் பிஸ்கட் டப்பாவுமாக நின்றார். எங்களுக்கு முன்பே குறுக்கு வழியில் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்ட மெக்கானிக் அவருக்குப் பின்னால் நின்றார். வெள்ளைப் பட்டைக்கு அந்தப் பக்கம் சிஸ்டர்.

"ஆரும் அகத்து போகண்டா. இன்னு கப்பல் வந்ததல்லே?" என்றார் சிஸ்டர்.

"நாங்க எங்க கப்பல்ல வந்தோம் சிஸ்டர்? வந்து வருசக்கணக்காச்சு," என்றார் பக்கத்து வீட்டம்மா.

சிஸ்டர் மெக்கானிக்கைக் காட்டினார். "இயாள் கப்பலிலே கேறியதல்லே?"

"இவரு ஏறுனாரு, எறங்கிட்டாரு. எனக்கென்ன?"

"நிங்ஙளுடெ மூக்கு எந்தா சுவந்நிருக்குந்நது?"

பக்கத்து வீட்டம்மா சிவந்திருந்த மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது வெங்காயம் அரிஞ்சேன்."

"இன்னிக்கி என்னத்துக்கு வெங்காயம்? கஞ்சியும் கருவாடும்தான வச்ச," என்றார் மெக்கானிக் பின்னாலிருந்து.

"நீங்க சும்மா கெடங்க. வாயத் தொறந்தா பந்த் பண்ணவே தெரியாது இந்த மனுசனுக்கு."

சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அக்கா அவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். துணிப்பட்டையின் முன் நின்று, அது என்ன என்பது போல என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கப்பலில் வந்தவர்கள் இருமல் நிற்கும்வரை உள்ளே போகக் கூடாது என்று சொன்னேன்.

"யாரு, நானா?"

"எல்லாருந்தான்க்கா."

"எல்லாரும் வேற, நான் வேறல. நான் தலதொட்டவ. இந்தா, மாதா கோயிலு எண்ண. சாமியாருட்ட மந்திரிச்சு வாங்கி, கப்பல்ல மடியில வச்சு, ஒரு சொட்டுச் சிந்தாமக் கொண்டாந்திருக்கேன். ஒரு முழத் துணியக் கட்டி என்னத் தடுக்கியளோ? எனக்கு ஒரு எழவும் இல்ல, நல்லாத்தான்..."

இருமல் வந்துவிட்டது. வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, விடாமல் இருமினாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். அது ஓய்ந்ததும், உள்ளே கடைசிக் கட்டிலிலிருந்து ஓர் இருமல் கேட்டது. மெல்லிய, வறண்ட இருமல். இருமவும் தெம்பில்லாத பிள்ளையின் இருமல்.

அக்கா நிமிர்ந்தாள்.

"அது நம்ம பிள்ளையா?"

"ஆமா."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். அது மறுபடி வந்தது, நின்றது. எண்ணெய்ச் சீசாவைப் பிடித்திருந்த கை மெதுவாக இறங்கியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. வராண்டாவுக்கு வெளியே தலையை நீட்டி, தென்னை ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தாள். எங்கள் அப்பா வள்ளக்காரர். வீட்டை விட்டு வெளியே வந்ததும் காற்றைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம். நான் குமாஸ்தாவான பிறகு விட்டுவிட்டேன்.

"பிள்ள கட்டிலு எந்த ஜன்னலுகிட்ட?"

"ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்குக்கா. முன்னாடி இந்தா, இங்கன நின்னாலே தெரியும்."

"இங்கன நின்னா கச்சான் காத்து எங் கழுத்துக்குப் பின்னால இருந்துல்லா அடிக்கி? நான் இருமுனா அம்புட்டும் பிள்ளகிட்ட போவும். பின்பக்கம் எப்படிப் போவணும்? அங்கன நின்னா காத்து பிள்ளகிட்ட இருந்து என்கிட்ட வரும்."

சிஸ்டருக்கு முழுவதும் புரிந்ததோ என்னவோ, கையால் காற்று வரும் திசையைக் காட்டி அக்கா சொன்னது புரிந்தது. தலையை ஆட்டினார். வார்டின் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லும், தண்ணீர் ஓடும் கான் ஒன்றும், முழங்கால் உயரப் புல்லுமாக இருந்தது. கானுக்கு இப்பால் நிற்க வேண்டும், கானைத் தாண்டி ஜன்னல் கம்பியைப் பிடிக்கக் கூடாது என்று சிஸ்டர் எனக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் எல்லோரும் சாரலில் சுற்றிக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டம்மாவும் வந்தார். மெக்கானிக் குடை பிடித்தார்.

ஜன்னலில் என் மனைவி பிள்ளையைக் கம்பளியோடு தூக்கி நிறுத்தினாள். வெளிச்சத்தில் பார்த்தபோது பிள்ளை எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அக்கா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு அவளுடைய வழக்கமான குரல் வந்தது.

"ஏ பிள்ள, என்னட்டி இப்படி ஈர்க்குச்சியாட்டம் ஆயிட்ட? நான் தச்சுக் கொண்டாந்த கவுனுக்குள்ள உன்னப் போல ரெண்டு பேரு போவலாம்."

எங்கள் பக்கத்தில் அப்பாவின் அக்காவை மாமி என்போம். "மாமி, நீங்க ஏன் வெளிய நிக்கிய?" என்றாள் மகள்.

"உள்ள வரதுக்கு டிக்கெட்டு கேக்காவ. எங்கிட்ட இருந்ததக் கப்பல்காரன் வாங்கிக் கிழிச்சுட்டான்."

மகள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது அடங்கியது.

எண்ணெய்தான் மிச்சம். அக்கா சீசாவைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். தலைதொட்டவள் கை படாமல் போடுகிற சிலுவை சிலுவையாகுமா? அவளுக்கு அது விளையாட்டு இல்லை. ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் தலைதொட்டம்மா. காய்ச்சல் என்று கேட்டால் மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறவள். கடைசியில் என்னிடம் சீசாவை நீட்டினாள்.

"சிஸ்டருட்டக் குடு. தொடச்சு உள்ள குடுக்கட்டும்."

நான் வாசலுக்குச் சுற்றிக் கொண்டுபோனதும் சிஸ்டர் அதைப் பட்டைக்கு மேலாக வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, என் மனைவியிடம் கொடுத்தார். என் மனைவி கார்பாலிக் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். "மைனி, நான் போட்டாச் செல்லுமா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"கை ஒங் கை. சிலுவ எஞ் சிலுவ. நான் சொல்லச் சொல்லப் போடு."

என் மனைவி கட்டைவிரலைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். கானுக்கு இப்பால், மழையில், அக்கா தன் கட்டைவிரலைக் காற்றில் உயர்த்தினாள். பிதா என்று அவள் விரல் மேலிருந்து இறங்கியபோது அங்கேயும் இறங்கியது. சுதன் என்றபோது திரும்பியது. இரண்டு விரல்களும் ஒன்றாகவே போயின. பக்கத்து வீட்டம்மா இந்து. அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அக்கா படுத்துவிட்டாள். நல்ல காய்ச்சல். கண், மூக்கு எல்லாம் ஒழுகியது. பிறகு பக்கத்து வீட்டம்மா, பிறகு மெக்கானிக், பிறகு வரிசையில் பாதிப் பேர். டீக்கடையில் அவளோடு உட்கார்ந்து, அவள் பெட்டியைத் தூக்கி, பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்த எனக்கும் வந்தது. முதல் தும்மல் வந்ததுமே நான் சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பெற்ற அப்பன் என்று அவர் பார்க்கவில்லை. விரலால் பின்பக்கத்தைக் காட்டினார். அந்தச் சளியில் ஒன்றுகூட என் மகள் கட்டில்வரை போகவில்லை. அக்கா அன்று பட்டையைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதி நினைப்பிலேயே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

அக்காவுக்கு எழுந்து நடக்க முடிந்ததும் நாங்கள் இருவரும் தினமும் மாலையில் அந்தக் கானுக்கு இப்பால் போய் நின்றோம். மில்லில் கழித்துப் போட்ட படாக் மரப் பலகை ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, சேற்றின் மேல் போட்டேன். ஒரே குடைக்குள் அக்காவும் நானும். சின்ன வயதில் கடற்கரையில் அப்பாவின் வள்ளம் வருவதற்காக நின்ற பிறகு, இத்தனை நேரம் அவளோடு சும்மா நின்றதே இல்லை. வாழ்க்கையில் நிறையப் பேசிவிட்டோம் என்று நினைத்திருந்தேன், எதுவுமே பேசியிருக்கவில்லை.

பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்று அக்கா உரக்கத்தான் பேசுவாள். ஊரில் யாருடைய ஆடு யாருடைய வீட்டுக்குள் புகுந்தது, கோயில் பெருநாளில் யார் தலையில் பந்தல் விழுந்தது எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே போகும். ஆடு போல நடித்துக் காட்டுவாள். வார்டிலிருந்த மற்றப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். தெலுங்குப் பிள்ளை, பெங்காலிப் பிள்ளை, யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஃபிர்சே, ஃபிர்சே" என்று ஒருவன் கத்துவான். "என்னல கேக்கான் அவன்?" என்பாள் அக்கா. திரும்பச் செய்யச் சொல்கிறான் என்பேன். "வயசான காலத்துல என்ன ஆடாட்டம் கத்த விடுதான் பாரு," என்று சொல்லிக்கொண்டே திரும்பச் செய்வாள்.

சிஸ்டர் ஒருநாள் அவளுக்கு மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள மடித்த வலைத்துணி ஒன்று கொடுத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதக் கட்டிட்டு ஆடு எப்படிக் கத்தும்?" என்றாள். ஆனால் கட்டிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து வந்த ஆட்டுக்கு முன்னதைவிட அதிகச் சிரிப்பு.

சளி விட்ட வரிசைக்காரர்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வாசலுக்குப் போகாமல் நேரே பின்பக்கம் வந்தார்கள். பலகை போதவில்லை, இன்னொன்று கொண்டுவந்து போட்டேன். யாராவது கானைத் தாண்டிக் காலை வைத்தால் அக்காவே "ஏ, காத்து மாறிட்டு, இந்தப் பக்கம் வா" என்று இழுத்து விடுவாள். துணிப்பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போக இருந்தவள் அவள்தான் என்று சொன்னால் புதிதாக வந்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ரொட்டியும் பிஸ்கட்டும் சிஸ்டர் கைவழியாக உள்ளே போயின. பார்க்க வரவில்லை என்று யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தவில்லை.

மகளின் இருமல் குறைந்தது. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாலையில் அக்கா ஆட்டுக் கதையை முடித்த பிறகு மகள் வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். இருமல் வரவில்லை. என் மனைவி ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்தாள். இருமல் போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் மூன்று பேருக்கும்.

டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் வெயில் அடித்தது. என் சளியும் அக்காவின் சளியும் போய் நாளாகியிருந்தது. வாசலில் பட்டையும் இல்லை. ஆனாலும் அக்கா வராண்டாவுக்குள் வரவில்லை. படிக்கட்டின் கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கால்கள் இரண்டும் நடக்க மறந்தது போலத் தள்ளாடின. அக்கா நகரவில்லை. படிமேல் நின்ற சிஸ்டரைப் பார்த்தாள்.

"தொடலாமா?"

சிஸ்டர் அக்காவின் தொண்டையைப் பார்ப்பது போலக் கொஞ்சம் குனிந்து பார்த்தார். அக்காவும் இதோ பார்த்துக்கொள் என்பது போல வாயைத் திறந்து காட்டினாள். "தொட்டோளு," என்றார் சிஸ்டர்.

அக்கா இரண்டு கையாலும் மகளின் தலையைப் பிடித்தாள். சிலுவையும் போடவில்லை, செபமும் சொல்லவில்லை. தலையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் கிடைத்தது உண்மையா என்று பார்ப்பது போல. "மாமி, வலிக்கி" என்று மகள் சொன்ன பிறகுதான் விட்டாள்.

பஸ்ஸில் மகள் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். என் மனைவி முன் இருக்கையில், பாத்திரங்களும் கம்பளியும் கட்டிய மூட்டையோடு. வாரக்கணக்கில் தூங்காதவள் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். கடலோரமாக பஸ் திரும்பியபோது மகளும் தூங்கிப்போனாள். தலை அக்காவின் மேல் சாய்ந்தது. வாய் மூடியிருந்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. மூச்சு சத்தமே இல்லையே? இவ்வளவு நாள் தூரத்திலிருந்தே கேட்ட இரைப்புக்குப் பழகிய காதுக்கு, சத்தமில்லாத மூச்சு மூச்சாகவே தெரியவில்லை. அவள் மூக்கருகே காதை வைத்துப் பார்க்கக் குனிந்தேன். அதே நேரத்தில் அக்காவும் குனிந்தாள். இருவர் நெற்றியும் நன்றாக மோதிக்கொண்டன. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார்.

அக்கா ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, மறுகையை மகளின் மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"வருது, வருது. மூக்காலதான் விடுதா," என்றாள். "நீ பேசாம வெளிய பாத்துட்டு வா."